பால் யாருக்குப் போகிறது? குறைமாதக் குழந்தையின் குடலில் நடக்கும் பந்தி

[திரையில்: ஒரு டிஜிட்டல் தராசு. எண் 1,280ல் நிற்கிறது.]

என் அக்கா மகள் 31வது வாரத்தில் பிறந்தாள். எடை 1,280 கிராம், அதாவது ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அடுத்த ஐந்து வாரமும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். காலையில் போன் போட்டால் அம்மா "சாப்பிட்டியா" என்றுகூடக் கேட்க மாட்டாள், நேரே "எடை ஏறிச்சா?" என்றுதான் ஆரம்பிப்பாள். ஏறாத நாளில் பார்க்க வந்த பெரியம்மா ஒருவர் "பால் பத்தலையோ என்னவோ" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார், அக்கா பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள்.

இந்த வீடியோ அந்தப் பெரியம்மாவுக்காக.

முதலில் கொஞ்சம் கணக்கு பார்த்துவிடலாம். 37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைமாதக் குழந்தை. 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை, 1,500க்கும் கீழே என்றால் மிகவும் எடை குறைந்த குழந்தை. இரண்டையும் ஒன்று என்று நினைக்க வேண்டாம், மாதம் நிறைந்தும் எடை குறைவாகப் பிறக்கிற குழந்தைகள் நம் நாட்டில் நிறைய. 2020ல் உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அதில் ஏறத்தாழ 30 லட்சம் இந்தியாவில், வேறெந்த நாட்டையும்விட அதிகம்.

பிறந்ததும் எல்லாக் குழந்தைக்கும் எடை கொஞ்சம் இறங்கும். குறைமாதக் குழந்தைக்குக் கூடுதலாகவே இறங்கும், பிறந்த எடைக்குத் திரும்பி வரவே பத்து நாள், இரண்டு வாரம் ஆகிவிடும். அதற்குப் பிறகு டாக்டர்கள் எதிர்பார்ப்பது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் ஏற்றம். 1,200 கிராம் குழந்தைக்கு 18லிருந்து 24 கிராம். நாலு டீஸ்பூன் தண்ணீர் எவ்வளவு கனக்குமோ அவ்வளவுதான். அந்த நாலு டீஸ்பூனுக்காக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரி பகல் பார்க்காமல், 15, 16 மில்லி பால் ஒரு மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். குழாய் எதற்கு என்றால், உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது என்ற மூன்று வேலையையும் இடறாமல் சேர்த்துச் செய்கிற பழக்கம் சுமார் 34வது வாரத்தில்தான் வருகிறது.

[திரையில்: அடுத்தடுத்து இரண்டு இன்குபேட்டர்.]

இப்போது இந்த இரண்டு குழந்தைகளையும் பாருங்கள். ஒரே வாரத்தில் பிறந்தவை, ஒரே எடை, ஒரே அளவு பால். ஒன்று மளமளவென்று ஏறுகிறது, இன்னொன்று நகரவே மாட்டேன் என்கிறது. ஏன்? காரணம் பல இருக்கலாம். இதயம், நுரையீரல், ஏதாவது தொற்று, மூச்சு விடுவதற்கே செலவாகிப்போகிற சக்தி. அந்தப் பட்டியலில் புதிதாகச் சேர்ந்த பெயர்தான் குடல் பாக்டீரியா.

"பந்திக்கு முந்து" என்பார்களே, அது குழந்தையின் குடலுக்கு அப்படியே பொருந்தும். வயிற்றுக்குள் இருக்கும்வரை அந்தக் குடல் காலி வீடு. பிறந்த சில மணி நேரத்தில் ஆள் வர ஆரம்பித்துவிடும். புதுக் குடலில் கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும், அதனால் ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்கிற பாக்டீரியாக்கள் முதலில் வந்து உட்கார்ந்து அந்த ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். தீர்ந்த பிறகுதான் ஆக்சிஜன் பட்டாலே ஆகாத கூட்டம் உள்ளே வரும். நிறைமாதத்தில் பிறந்து தாய்ப்பால் குடிக்கிற குழந்தையிடம் அப்படி வருகிறவர்களில் பெரிய ஆள் பிஃபிடோபாக்டீரியம். அது குடியேறிவிட்டால் வீடு ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும்.

குறைமாதக் குழந்தையிடம் இந்த வரிசை முதல் கட்டத்திலேயே சிக்கிக்கொள்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 58 குறைமாதக் குழந்தைகளின் 922 மல மாதிரிகளை நாள் பிடித்து ஆராய்ந்து 2014ல் வெளியிட்டார்கள். முதலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் மாதிரி தோலில் வாழ்கிற வகைகள், அடுத்து ஈ கோலை, கிளெப்சியெல்லா வகையறா, கடைசியில் ஆக்சிஜன் ஆகாத கிளாஸ்ட்ரிடியா கூட்டம். எந்த மருந்து கொடுத்தாலும், எந்தப் பால் கொடுத்தாலும் வேகம்தான் கூடிக் குறைந்தது, வரிசை பெரும்பாலும் மாறவில்லை. எவ்வளவு சீக்கிரம் பிறந்ததோ அவ்வளவு நிதானமாக அந்த வரிசை நகர்ந்தது. குழந்தையின் உடம்பு தன் வாரக் கணக்கை மறக்கவில்லை என்று அர்த்தம்.

யோசித்துப் பார்த்தால் அந்தக் குழந்தைக்கு வேறு வழியும் இல்லை. பெரும்பாலும் சிசேரியன், பிறந்ததும் அம்மா மார்பில் படுக்காமல் நேரே இன்குபேட்டர். வாயில் குழாய், கையில் ஊசி. சுற்றியிருப்பது அம்மாவின் உடம்பு இல்லை, ஆஸ்பத்திரியின் உடம்பு. அமெரிக்காவில் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் மேசை, குழாய், கைப்பிடி எல்லாவற்றையும் துடைத்துப் பார்த்தவர்கள் அங்கே இருந்த அதே பாக்டீரியாக்களைக் குழந்தைகளின் மலத்திலும் கண்டார்கள். அது அந்த நர்ஸ்களின் குறை இல்லை, எவ்வளவு துடைத்தாலும் அறை என்று ஒன்று இருந்தால் அதில் குடியிருப்போர் என்று ஒரு கூட்டம் இருக்கும்.

அப்புறம் ஆன்டிபயாடிக். இதை நான் எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும், ஏனென்றால் யாராவது இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு "என் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் போடாதே" என்று சண்டைக்குப் போனால் அது உயிரோடு விளையாடுவது. தொற்று இருந்தால் மருந்து வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் தொற்று இருக்குமோ என்ற சந்தேகத்தில் ஆரம்பித்த மருந்தை, ரத்தப் பரிசோதனையில் கிருமி வளரவில்லை என்று தெரிந்த பிறகும் தொடர்வதற்கு ஒரு விலை இருக்கிறது. 1,000 கிராமுக்குக் கீழே பிறந்த 4,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து 2009ல் வந்த அமெரிக்க ஆய்வில், அப்படி 5 நாளோ அதற்கு மேலோ மருந்து ஓடிய குழந்தைகளுக்குக் குடல் அழுகல் நோயோ மரணமோ நேரும் வாய்ப்பு கூடியிருந்தது. அதனால்தான் இன்று பல டாக்டர்கள் பரிசோதனை முடிவு சுத்தமாக வந்த கையோடு மருந்தை நிறுத்தப் பார்க்கிறார்கள். நிறுத்தினால் பயப்படாதீர்கள்.

[திரையில்: ஒரு சங்கு வடிவப் பாலாடை. அதில் கொஞ்சம் சீம்பால்.]

இப்போது பாலுக்கு வருவோம். எனக்கு இந்த முழுக் கதையிலும் மிகவும் பிடித்த இடம் இது.

தாய்ப்பாலில் கெட்டியான பொருள்களில் முதலிடம் லாக்டோஸ் சர்க்கரைக்கு, இரண்டாவது கொழுப்புக்கு. மூன்றாவது புரதம் என்றுதான் யாரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கிடையாது. மூன்றாவது இடத்தில் இருப்பது ஆலிகோசாக்கரைடு என்ற சிக்கலான சர்க்கரைக் குடும்பம், 150 வகைக்கு மேல். ஒரு லிட்டர் பாலில் 5 முதல் 15 கிராம், சீம்பாலில் இன்னும் அதிகம். இதில் வேடிக்கை என்னவென்றால், குழந்தையால் இதைச் செரிக்கவே முடியாது. அதற்கான நொதி மனிதக் குடலில் இல்லை. அம்மா தன் உடம்பைக் கரைத்து, குழந்தைக்கு உதவாத ஒன்றை இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் செய்கிறாள்?

அது குழந்தைக்கான இலை இல்லை. பிஃபிடோபாக்டீரியத்துக்குப் போட்ட இலை. அதிலும் இன்ஃபான்டிஸ் என்ற துணைவகை இந்தச் சர்க்கரையை முழுசாக உள்ளே இழுத்து, தனக்குள் வைத்து உடைத்துத் தின்னும், வெளியே சிந்தவிடாது. அதனால் பக்கத்தில் காத்திருக்கிற கிளெப்சியெல்லாவுக்கு மிச்சம் கிடைப்பது குறைவு. தின்றுவிட்டு அது வெளியே விடுவது அசிட்டேட், லாக்டேட் என்ற அமிலங்கள், அவை குடலைப் புளிப்பாக்கும், புளிப்பு ஏறினால் ஈ கோலை கூட்டத்துக்கு ஆகாது. அந்த அசிட்டேட் குடல் சுவரின் செல்களுக்கும் உடம்புக்கும் எரிபொருளாகப் போகிறது. ஆக, குழந்தையால் தொட முடியாத உணவு பாக்டீரியா வழியாகச் சுற்றிக்கொண்டு குழந்தைக்கே வந்து சேருகிறது.

ஒரு சின்ன கிளைக்கதை. இந்த இரண்டு தரப்பையும் முதன்முதலில் கண்டுபிடித்தது எங்கே என்கிறீர்கள்? இரண்டுமே குழந்தை மலத்தில்தான். 1885ல் ஜெர்மனியின் மியூனிக்கில் தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர் ஒரு பாக்டீரியாவைப் பார்த்தார், ஈ கோலையில் வருகிற அந்த "ஈ" அவர் பெயர்தான். 1899ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஆன்றி டிசியே, தாய்ப்பால் குடித்த குழந்தையின் மலத்தில் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்த ஒன்றைப் பார்த்தார், பிஃபிடஸ் என்றால் லத்தீனில் பிளவுபட்டது என்று பொருள். குழந்தையின் துணியைத் துவைக்கிற எந்தப் பாட்டியும் மலத்தின் நிறத்தையும் வாடையையும் வைத்தே உடம்பு எப்படி என்று சொல்லிவிடுவாள், அவர்கள் அதையே மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள்.

சரி, பாக்டீரியாவுக்கும் எடைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறதா? இங்கேதான் நிதானமாகப் பேச வேண்டும். 2019ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 27 வாரத்துக்கும் முன்பே பிறந்த 60 குழந்தைகள். வளர்ச்சி பின்தங்கிய குழந்தைகளின் குடலில் ஸ்டாஃபிலோகாக்கஸ், ஈ கோலை குடும்பங்களின் ஆதிக்கம், வகைகள் குறைவு, இரண்டாம் கட்டத்தில் வரவேண்டியவர்கள் வந்து சேரவில்லை. அதைவிட என்னை உலுக்கியது ரத்தப் பரிசோதனை: பால் போய்க்கொண்டிருக்கும்போதே அந்தக் குழந்தைகளின் உடம்பு பட்டினி கிடக்கிற உடம்பு மாதிரி கொழுப்பைக் கரைத்துக்கொண்டிருந்தது. பெரியம்மா, பால் பத்தாமல் இல்லை. போன பால் எடையாக மாறவில்லை.

ஆனால் முட்டை முதலா கோழி முதலா என்ற கேள்வி இங்கே உண்டு. நோயுற்ற குழந்தைக்கு மருந்தும் அதிகம், பால் நிறுத்துவதும் அதிகம், அதனாலேயே பாக்டீரியா மாறியிருக்கலாம். அதை அவிழ்க்கத்தான் எலிகள். பாக்டீரியாவே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிக் குட்டிகள், அதே தீனி தின்றாலும், சாதாரணக் குட்டிகளைவிட எடையிலும் நீளத்திலும் குறைவாகவே வளர்கின்றன. 2016ல் பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள், சத்துக் குறைந்த தீனி தின்ற குட்டிகளுக்கு லாக்டோபாசிலஸ் பிளான்டாரம் என்ற ஒரு பாக்டீரியாவைச் சேர்த்தபோது வளர்ச்சி ஹார்மோன்களின் வேலை சீராகி வளர்ச்சி மேம்பட்டதைக் காட்டினார்கள். மனிதக் குழந்தையில்? 2022ல் டாக்காவிலிருந்து வந்த முடிவு இருக்கிறது. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவோடு இருந்த கைக்குழந்தைகளுக்கு பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் கொடுத்தபோது எடை கூடுதலாக ஏறியது. அவர்கள் இன்குபேட்டர் குழந்தைகள் இல்லை, இரண்டு மாதத்துக்கு மேலானவர்கள், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குடல் தவறான கையில் போனால் எடை மட்டும் நின்றால் பரவாயில்லை. குறைமாதக் குழந்தையின் குடல் சுவரில் ஈ கோலை வகைகளின் மேலுறையை அடையாளம் காணும் உணரிகள் அளவுக்கு அதிகமாக இருக்கும், சின்னத் தொந்தரவுக்கே ஊரைக் கூட்டிவிடும். வீக்கம், ரத்த ஓட்டம் தடைபடுதல், கடைசியில் குடல் திசு அழுகுதல். ஆஸ்பத்திரியில் இதைச் சுருக்கமாக என்ஈசி என்பார்கள். 1,500 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு வரலாம், வந்தவர்களில் நாலில் ஒருவர் அளவுக்கு இறந்துபோகிறார்கள். 1990ல் பிரிட்டனில் 926 குறைமாதக் குழந்தைகளைப் பார்த்தபோது, தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிடப் பவுடர் பால் மட்டும் குடித்தவர்களுக்கு இந்த நோய் 6 முதல் 10 மடங்கு அதிகம்.

அம்மாவுக்கே பால் வராவிட்டால்? அதற்குத்தான் தாய்ப்பால் வங்கி. ஆசியாவிலேயே முதலாவது 1989ல் மும்பை சயன் மருத்துவமனையில் டாக்டர் அர்மிதா ஃபெர்னாண்டஸ் தொடங்கியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் இப்போது இருக்கின்றன. வங்கிப் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவார்கள். அதில் கிருமி சாகும், கூடவே பாலில் உயிரோடு இருந்த நல்ல பாக்டீரியாக்களும் சாகும், கொழுப்பைச் செரிக்க உதவும் நொதியும் போய்விடும். ஆனால் நான் சொன்ன அந்தச் சர்க்கரைகள் தப்பிவிடும், அந்த இலை அப்படியே இருக்கும். பவுடர் பாலோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல், சொந்த அம்மாவின் பாலுக்கு அடுத்தபடி. இன்னொன்று: ரொம்பச் சின்னக் குழந்தைக்குத் தாய்ப்பாலோடு புரதமும் கால்சியமும் உள்ள ஒரு பொடியைக் கலக்கச் சொல்வார்கள். உடனே "என் பாலில் சத்து இல்லையா" என்று மனம் உடையத் தேவையில்லை. தொப்புள்கொடி வழியாகக் கடைசி இரண்டு மாதம் போகவேண்டியதை யாராலும் பாலில் மட்டும் ஈடுகட்ட முடியாது.

[திரையில்: சின்ன மருந்துப் பொட்டலங்கள்.]

இவ்வளவு கேட்ட பிறகு உங்கள் மனதில் ஓடுவது தெரியும். அந்த நல்ல பாக்டீரியாவைப் பொட்டலத்தில் வாங்கிக் கொடுத்தால் என்ன?

ஒடிசா கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது, 2017ல் வெளியானது. அதே லாக்டோபாசிலஸ் பிளான்டாரம், கூடவே அது தின்ன ஒரு சர்க்கரை, 7 நாள். வெறும் பொடி பெற்றவர்களில் 9 சதவீதம் பேருக்கு ரத்தத் தொற்றோ மரணமோ நேர்ந்தது, பாக்டீரியா பெற்றவர்களில் 5.4 சதவீதம். அட்டகாசமான முடிவு. ஆனால் அவர்கள் 2 கிலோவுக்கு மேல், 35 வாரம் கடந்து பிறந்தவர்கள். எங்கள் 1,280 கிராம் பாப்பாவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

சின்னக் குழந்தைகளில்? ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 1,099 பேரிடம் நடந்த சோதனையில் என்ஈசி 4.4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. இங்கிலாந்தில் 1,315 பேரிடம் வேறொரு வகையைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலனே இல்லை. அங்கே ஒரு கூத்து: கொடுக்கப்படாத குழந்தைகளிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேரின் குடலில் அந்த பாக்டீரியா போய்ச் சேர்ந்துவிட்டது, ஒரே வார்டு, ஒரே கைகள். எடை விஷயத்தில் கிடைத்த பலனோ ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது.

மறுபக்கமும் உண்டு. உயிருள்ள பாக்டீரியா மெல்லிய குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போய்விட்டால் அதுவே தொற்று. அப்படி 1,000 கிராமுக்குக் குறைந்த ஒரு குழந்தை இறந்த பிறகு, 2023 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு டாக்டர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. உலக சுகாதார அமைப்போ 2022ல், 32 வாரத்துக்கு முன் பிறந்து தாய்ப்பால் குடிக்கிற குழந்தைகளுக்குக் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்று சொல்லியிருந்தது. பெரியவர்களே இரண்டு பக்கம் நிற்கிற விஷயம். என் கருத்து: இது வார்டு டாக்டரின் முடிவு. மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வந்து ராத்திரி ரகசியமாக நாக்கில் தடவுகிற விஷயம் இல்லவே இல்லை.

தடவுவது என்றதும் சேனை நினைவுக்கு வருகிறது. தேன், சர்க்கரைத் தண்ணீர், சில ஊர்களில் கழுதைப்பால். "யார் சேனை வைத்தாரோ அவர் குணம் வரும்" என்று தாத்தா ஆசையாகக் காத்திருப்பார். குணம் வருமோ இல்லையோ, பந்தியில் அழையாத விருந்தாளி வருவது நிச்சயம். தேன் ஒரு வயது வரை எந்தக் குழந்தைக்கும் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பிஞ்சுக் குடலில் முளைத்தால் உடம்பையே செயலிழக்க வைக்கும். தாத்தாவுக்கு வேறு வேலை கொடுங்கள்.

அதிலும் நல்ல வேலை கங்காரு பராமரிப்பு. 1978ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் டாக்டர் எட்கர் ரே குழந்தைகளை அம்மாக்களின் வெறும் மார்போடு கட்டிவைக்க ஆரம்பித்தார். டெல்லி உட்பட ஐந்து ஆஸ்பத்திரிகளில் 3,211 குழந்தைகளிடம் நடந்து 2021ல் வெளியான சோதனையில், பிறந்த கையோடு இதைத் தொடங்கியபோது 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம், குழந்தை நிலைப்பட்ட பிறகு தொடங்கியபோது 15.7. சூடு, தாய்ப்பால் சுரப்பு, தொற்றுக் குறைவு என்று காரணங்கள் பல. குழந்தைக்கு முதலில் ஒட்டுகிற பாக்டீரியா மேசையுடையதாக இல்லாமல் வீட்டு மனிதருடையதாக இருப்பதும் அதில் ஒன்று என்று நினைக்கிறார்கள். அப்பாவும் செய்யலாம், மார்பு சுத்தமாக இருந்தால் தாத்தாவும் செய்யலாம்.

இன்னும் ஒன்று, இதை மட்டும் மறக்காதீர்கள். குழந்தையின் வயிறு திடீரென்று உப்பினால், பச்சையாக வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், சுருண்டு சோர்ந்து கிடந்தால், ஆஸ்பத்திரியில் இருந்தால் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு என்றால் உடனே கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

[திரையில்: ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தின் பக்கம்.]

அக்கா ஒரு நோட்டு வைத்திருந்தாள். இடது பக்கம் எடை, வலது பக்கம் அன்று அவள் பீய்ச்சிக் கொடுத்த பால் எத்தனை மில்லி. முதல் நாள் வலது பக்கத்தில் 3 என்று இருக்கிறது, பக்கத்திலேயே ஓர் ஆச்சரியக்குறி. பதினொன்றாம் நாள் 310. இடது பக்கம் அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் ஏற ஆரம்பித்தது. பெரியம்மா, இதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்றால், அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு டிபன் பாக்ஸில் சூடாக ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பால் எடுக்கிறவளுக்குப் பயங்கரமாகப் பசிக்கும்.